வீடு உனக்கு, 401(கே) எனக்கு? நீண்ட மணவாழ்வு முடிந்தபின் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பிரிக்கும் வழிகள்

அமெரிக்காவில் இருபது ஆண்டுக்கு மேல் குடும்பம் நடத்தியவர்கள் பிரியும்போது பங்கு போடப் பெரிதாக இருப்பவை இரண்டுதான்: வீடும், ஓய்வுக்காலக் கணக்குகளும். தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கணக்குகள் பெரும்பாலும் ஒரு பக்கமே சாய்ந்திருக்கும். எச்-1பி விசாவில் வந்தவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, நிறுவனம் வழியாகச் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஓய்வுக்காலக் கணக்கான 401(கே)யில் பணம் போட்டிருப்பார். எச்-4இல் வந்த துணைக்கு 2015 வரை வேலை பார்க்கவே அனுமதி இருந்திருக்காது. கீழே வசதிக்காகக் கணவரின் கணக்கு பெரியது என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். தலைகீழாக இருந்தாலும் கணக்கு இதேதான்.

பேச்சு தொடங்கியதும் முதலில் வரும் யோசனை எல்லா வீட்டிலும் ஒன்று: வீட்டை நீ வைத்துக்கொள், ரிட்டயர்மென்ட் கணக்கை நான் வைத்துக்கொள்கிறேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை என்றால் வழக்கறிஞர் செலவும் மிச்சம் என்று தோன்றும். ஆனால் 401(கே) அறிக்கையில் தெரியும் 5 லட்சம் டாலர், ரோத் கணக்கிலுள்ள 5 லட்சம், வீட்டின் கடன் போக மிஞ்சும் 5 லட்சம் மூன்றும் ஒன்றல்ல. முதலாவதற்கு இன்னும் வரி கட்டவில்லை. இரண்டாவதற்குக் கட்டியாகிவிட்டது. மூன்றாவதை விற்றால்தான் பணம். எந்த வழி பொருந்தும் என்பதை வரி கழித்த தொகையையும், பங்கு பெறுபவரின் வயதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும்.

எது பங்குக்கு வரும்

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது பொருட்டல்ல. பணம் மணவாழ்வுக் காலத்தில் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. யாருக்கு எந்த விசா என்பதும் பங்கை மாற்றாது. கலிபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன், அரிசோனா உட்பட 9 மாநிலங்களில் கூட்டுச் சொத்து முறை. மற்ற மாநிலங்களில் ‘நியாயமான பங்கீடு’. கலிபோர்னியாவில் கூட்டுச் சொத்து சரிபாதி. டெக்சாஸில் கூட்டுச் சொத்தாக இருந்தாலும் நீதிபதி தனக்கு நியாயமாகப் படும் விகிதத்தில் பிரிக்கலாம். நியாயமான பங்கீட்டு மாநிலங்களில் பாதி கட்டாயமில்லை என்றாலும், நீண்ட மணவாழ்வில் பேச்சு வழக்கமாகப் பாதியிலிருந்துதான் தொடங்கும்.

எந்தத் தேதியோடு கணக்கை முடிப்பது என்பதிலும் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் உண்டு. கலிபோர்னியாவில் பிரிந்த தேதி, நியூஜெர்சியில் மனு தாக்கலான தேதி, டெக்சாஸில் விவாகரத்து ஆகும்வரை. வழக்கு இரண்டு ஆண்டு இழுத்தால் இது சின்ன விஷயமில்லை. 2025இல் ஊழியர் தன் சம்பளத்திலிருந்து போட முடிந்த வரம்பு 23,500 டாலர். 50 வயதானவர் அந்த ஆண்டில் இன்னும் 7,500 போட முடிந்தது. இதோடு நிறுவனத்தின் பங்கும் சேர்கிறது.

பங்கு கேட்கும் முன் பட்டியல் வேண்டும். கன்சல்டிங்கில் இருந்தவர்கள் ஏழெட்டு நிறுவனம் மாறியிருப்பார்கள். பழைய 401(கே) ஒவ்வொன்றாக ஆங்காங்கே கிடக்கும். கண்டுபிடிக்க வரிக் கோப்பே போதும். நிறுவனம் ஆண்டுதோறும் தரும் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவத்தின் 12ஆம் கட்டத்தில் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் 401(கே)யில் பணம் போயிருக்கிறது. ‘ஏஏ’ இருந்தால் ரோத் 401(கே). நிறுவனம் சாராமல் அவரவர் தன் பெயரில் திறக்கும் ஓய்வுக்காலக் கணக்கான ஐஆர்ஏவைப் படிவம் 5498 காட்டும். ரோத்துக்குச் சுற்றுவழியில் பணம் மாற்றியவர்களிடம் படிவம் 8606 இருக்கும். ஏற்கெனவே வரி கட்டிப் போட்ட தொகை எவ்வளவு என்பது அதில்தான் தெரியும். இந்தியக் கணக்குகளுக்கு எஃப்பார் படிவத்தைப் பாருங்கள். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அதைத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால், வங்கிப் பெயர்களும் அந்த ஆண்டின் உச்ச இருப்பும் வரிசையாக அதில் இருக்கும்.

கணக்கையே பிரிப்பது

எளிதாகத் தோன்றும் வழி இது. நியாயமும் இதில்தான் அதிகம். ஒவ்வொரு கணக்கையும் அதே வகையில் இரண்டாக்கினால் இருவர் கையிலும் ஒரே தன்மையுள்ள பணம் இருக்கும். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் இருவருக்கும் ஒன்றுபோல. சிக்கலெல்லாம் காகித வேலையில்.

1974ஆம் ஆண்டின் எரிசா சட்டப்படி தனியார் நிறுவன ஓய்வுக்காலப் பணத்தை வேறொருவருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. 1984இல் வந்த திருத்தம் மணமுறிவுக்கு மட்டும் ஒரு வாசல் திறந்தது. வழக்கறிஞர்கள் ‘குவாட்ரோ’ என்று சொல்லும் நீதிமன்ற ஆணை அதுதான். விவாகரத்துத் தீர்ப்பில் ‘401(கே) பாதிப் பாதி’ என்று எழுதியிருந்தால் மட்டும் 401(கே) நிர்வாகம் ஒரு டாலரையும் நகர்த்தாது. குவாட்ரோ என்று தனியாக ஓர் ஆணை போய்ச் சேர வேண்டும். அதில் இருவரின் பெயரும் முகவரியும், திட்டத்தின் சரியான முழுப்பெயரும், தொகை அல்லது விகிதம் அல்லது கணக்கிடும் முறையும், அது எந்தக் காலத்துக்கு என்பதும் இருக்க வேண்டும். திட்டத்தில் இல்லாத சலுகையைக் கேட்கக் கூடாது. முந்தைய துணைக்கு ஏற்கெனவே ஒதுக்கிய பங்கைத் தொடக் கூடாது.

செய்யும் வரிசை இது. கணவரின் நிறுவனத் திட்ட நிர்வாகத்திடம் குவாட்ரோ நடைமுறை விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்படி ஒன்று வைத்திருப்பது அவர்கள் கடமை. பல திட்டங்கள் மாதிரி ஆணையும் தரும். வரைவை எழுதி, நீதிபதியின் கையெழுத்துக்கு முன்பே நிர்வாகத்துக்கு அனுப்பி முன்பார்வை கேளுங்கள். அவர்கள் சரி என்ற பிறகு நீதிமன்றத்தில் கையெழுத்து. பிறகு சான்றிட்ட நகல் நிர்வாகத்துக்குப் போகும். அவர்கள் ஏற்றால் மனைவி பெயரில் தனிக் கணக்கு திறப்பார்கள். அங்கிருந்து அவருடைய ஐஆர்ஏவுக்கு நேரடியாக மாற்றிக்கொள்ளலாம். முன்பார்வையைத் தவிர்த்து நேரே கையெழுத்து வாங்கினால், நிர்வாகம் நிராகரிக்கும் ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்துக்குத் திரும்ப நடக்க வேண்டியிருக்கும்.

வரைவில் வழக்கமாகத் தடுமாறும் இடங்கள் மூன்று. முதலாவது, தொகையா விகிதமா. ‘3,00,000 டாலர்’ என்று எழுதி, குறித்த தேதியிலிருந்து பிரிக்கும் நாள்வரை லாப நட்டம் யாருக்கு என்று எழுதாமல் விட்டால், இடையில் சந்தை 20% ஏறும்போது ஏற்றம் முழுவதும் ஒருவருக்கே போகும். இறங்கினால் சுமை முழுவதும் அவர் தலையில். ‘இந்தத் தேதியின் இருப்பில் 50%, அன்று முதல் பிரிக்கும் நாள்வரையிலான லாப நட்டத்துடன்’ என்று எழுதுவதே பாதுகாப்பு. இரண்டாவது, கணக்கிலிருந்து எடுத்த கடன். வீட்டு முன்பணத்துக்கு 50,000 டாலர் கடன் எடுத்திருந்தால், இருப்பில் அதைச் சேர்த்துப் பாதியா, கழித்துப் பாதியா? எழுதாவிட்டால் நிர்வாகம் தன் விதிப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். மூன்றாவது, நிறுவனம் போட்ட பங்கு இன்னும் ஊழியருக்கு முழு உரிமையாகாத நிலை. ஊழியருக்கே உரிமையாகாத பணத்தைத் துணைக்குப் பிரித்துத் தர முடியாது.

ஐஆர்ஏவுக்குக் குவாட்ரோ தேவையில்லை. விவாகரத்துத் தீர்ப்பையோ அதில் சேர்ந்த ஒப்பந்தத்தையோ கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அனுப்பினால், ஒரு ஐஆர்ஏவிலிருந்து மற்றவர் பெயரிலுள்ள ஐஆர்ஏவுக்கு வரியில்லாமல் மாற்றுவார்கள். இங்கே அவசரப்பட்டால் இழப்பு பெரிது. கணவர் தன் ஐஆர்ஏவிலிருந்து ஒரு லட்சம் எடுத்து மனைவிக்குக் காசோலை எழுதினால், அந்த லட்சமும் கணவரின் வருமானம். 59½ வயது ஆகாவிட்டால் அதற்கு மேல் 10% தண்டம். தீர்ப்பைக் காட்டினாலும் வரித்துறை விடாது. பணம் கணக்கிலிருந்து கணக்குக்கே போயிருக்க வேண்டும்.

படிவம் 8606இல் வரி கட்டிய தொகை பதிவாகியிருந்தால் அந்தப் பதிவும் விகிதப்படி பிரியும். அதைக் கேட்டு வாங்காதவர் பின்னாளில் ஒரே பணத்துக்கு இரண்டாம் முறை வரி கட்டுவார். ஹெச்எஸ்ஏ மருத்துவச் சேமிப்பையும் இதேபோல வரியில்லாமல் பிரிக்கலாம். பட்டியலில் அதைச் சேர்க்கப் பலர் மறக்கிறார்கள்.

வீட்டை வைத்து ஈடு கட்டுவது

24 ஆண்டு மணவாழ்வு, கணவருக்கு 54, மனைவிக்கு 51 என்று வைத்துக்கொள்வோம். கணவரின் 401(கே)யில் 9 லட்சம் டாலர், மனைவியுடையதில் 1 லட்சம், மனைவி பெயரில் ரோத் ஐஆர்ஏ 1 லட்சம். வீடு 3 லட்சத்துக்கு வாங்கியது. இன்றைய மதிப்பு 7 லட்சம், மீதக் கடன் 2 லட்சம், ஆக நிகரம் 5 லட்சம். மொத்தம் 16 லட்சம், ஆளுக்கு 8.

மனைவி வீட்டையும் தன் இரு கணக்குகளையும் எடுத்தால் 7 லட்சம். சமமாக்கக் கணவரின் 401(கே)யிலிருந்து 1 லட்சம் குவாட்ரோ வழியாக வர வேண்டும். காகிதத்தில் 8க்கு 8.

இப்போது வரி கட்டாத பணத்துக்கு 22% வரி என்று கொள்வோம். கணவரின் 8 லட்சம் 6.24 லட்சமாகிறது. மனைவியின் 401(கே) 2 லட்சம் 1.56 ஆகும்; ரோத் 1 லட்சமும் வீட்டின் 5 லட்சமும் அப்படியே; மொத்தம் 7.56 லட்சம். ‘சமம்’ என்று கையெழுத்திட்ட இடத்தில் 1,32,000 டாலர் வித்தியாசம். குவாட்ரோவே இல்லாமல் விட்டால் கணவருக்கு 7.02, மனைவிக்கு 6.78. அதாவது சமமாக்க ஒரு லட்சம் நகர வேண்டியதில்லை. சுமார் 15,400 நகர்ந்தால் போதும்.

கணவரின் தரப்பு இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும். மனைவியின் தரப்பு நிறுத்தக் கூடாது, ஏனென்றால் வீடும் வரியற்ற பணமல்ல. தம்பதியாகக் கூட்டாக வரி தாக்கல் செய்து விற்றால் 5 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. தனியாள் விற்றால் 2.5 லட்சம்தான். பிரிவின்போது வீடு கைமாறுவதற்கு வரி கிடையாது, ஆனால் வாங்கிய விலையும் பழைய விலையாகவே கூட வரும். மனைவி நாலு வருடம் கழித்து அதே 7 லட்சத்துக்கு விற்றாலும் லாபம் 4 லட்சம். விலக்கு போக 1.5 லட்சத்துக்கு 15% என்றால் 22,500 டாலர் மத்திய அரசு வரி. அதையும் கழித்தால் சமமாக்க 401(கே)யிலிருந்து நகர வேண்டியது ஏறக்குறைய 29,800. தரகர் கமிஷன், மாநில வரி, கூரை மாற்றும் செலவு இன்னும் இதில் சேரவில்லை. வீடு விற்கத்தான் போகிறது என்றால் தீர்ப்புக்கு முன் கூட்டாக விற்பது பல குடும்பங்களில் மலிவாக முடியும்.

இப்படி வரியைக் கழித்துப் பார்ப்பதை நீதிமன்றம் எப்போதும் ஏற்பதில்லை. விற்பனையோ பணம் எடுப்பதோ கண்முன் இல்லாதபோது எதிர்கால வரியை ஊகம் என்று ஒதுக்கும் நீதிபதிகள் உண்டு. ஆகவே இந்தக் கணக்கைப் பேச்சுவார்த்தையிலும் மத்தியஸ்தத்திலும் முன்வைப்பதுதான் பலன் தரும். விகிதம் எதுவென்றும் முட்டுவார்கள். இன்றைய சம்பளத்தின் உச்ச வரி அடுக்கை வைப்பது கணவருக்குச் சாதகம், ஓய்வுபெற்ற பிறகு வரக்கூடிய அடுக்கை வைப்பது மனைவிக்கு. அந்த 401(கே) ஓய்வுக்குப் பின்தான் செலவாகும் என்பதால் இரண்டாவதே உண்மைக்கு அருகில் என்பது எங்கள் கணிப்பு.

வீட்டை எடுப்பது யாருக்குப் பொருந்தும்? நிலையான சம்பளம் உள்ளவருக்கு, கடைக்குட்டி இன்னும் உயர்நிலைப் பள்ளியில் இருப்பவருக்கு, மீதக் கடனைத் தன் பெயரில் புதுக் கடனாக மாற்ற வங்கி ஒப்புக்கொள்பவருக்கு. பழைய கடன் 3% வட்டியில் இருந்து புதியது அதன் இருமடங்கில் வந்தால் மாதத் தவணை எவ்வளவு ஆகும் என்று முதலில் பாருங்கள். 51 வயதில் வேலையில்லாமல், பெரிய வீடும் சிறிய 401(கே)யும் கையில் இருந்தால், அறுபதில் சொத்து வரி கட்டவே வீட்டை விற்க வேண்டிவரும். தமிழ்க் குடும்பங்களில் வீட்டின் மேல் இருக்கும் பற்று இந்தக் கணக்கைப் பார்க்க விடுவதில்லை.

59½க்கு முன் கையில் பணம்

குவாட்ரோவில் அதிகம் பேர் அறியாத ஒரு சலுகை உண்டு. 401(கே)யிலிருந்து குவாட்ரோவின் கீழ் முன்னாள் துணைக்கு நேரடியாக வரும் பணத்துக்கு வயது எதுவானாலும் 10% தண்டம் கிடையாது. வருமான வரி உண்டு. அதை வாங்குபவர் கட்டுவார், கணவர் அல்ல.

மனைவிக்கு 4 லட்சம் பங்கு வருகிறது, வாடகைக்கும் படிப்புக்கும் உடனே 60,000 வேண்டும் என்றால், முழுவதையும் ஐஆர்ஏவுக்கு மாற்றிவிட்டுப் பிறகு எடுப்பது தவறான வரிசை. ஐஆர்ஏவுக்குள் போன நொடியில் இந்தச் சலுகை மறைந்துவிடும். வரிப் பிடித்தத்தையும் சேர்த்து அங்கிருந்து 59½க்கு முன் 75,000 எடுத்தால் 7,500 தண்டம். சரியான வரிசை: திட்டத்திடம் 75,000 ரொக்கமாகவும் மீதி 3,25,000 நேரடி மாற்றமாகவும் கேட்பது. ரொக்கத்தில் 20% கட்டாயப் பிடித்தம் போக 60,000 கைக்கு வரும். பிடித்த 15,000 வரித் தாக்கலின்போது கணக்கில் சேரும். அந்த ஆண்டு வேறு வருமானம் குறைவென்றால் ஒரு பகுதி திரும்பவும் வரலாம். சில திட்டங்கள் பகுதி பகுதியாக எடுக்க விடாமல் ஒரே தடவை மட்டும் அனுமதிக்கும். எனவே எவ்வளவு ரொக்கம் என்பதைப் படிவம் நிரப்பும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

இந்தத் தொகையைக் கணக்கிடும்போது மருத்துவக் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். கணவரின் நிறுவனக் காப்பீட்டில் இருந்தவர் விவாகரத்துக்குப் பின் கோப்ரா என்ற சட்டத்தின் வழியாக அதே காப்பீட்டில் 36 மாதம் வரை தொடரலாம். 60 நாளுக்குள் திட்டத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பிரீமியம் முழுவதையும் தானே கட்ட வேண்டும். 51 வயதுக்காரருக்கு, 65 வயதில் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வர இன்னும் 14 ஆண்டு இருக்கிறது.

மாத ஓய்வூதியம் இருந்தால்

ஐ.டி. நிறுவனங்களில் இது அரிது. பல்கலைக்கழகம், மருத்துவமனை, மாநில அரசு, பழைய உற்பத்தி நிறுவனங்களில் இன்னும் இருக்கிறது. இங்கே பிரிப்பதற்கு இருப்புத் தொகை கிடையாது. வாக்களித்த மாதத் தொகைதான் உண்டு. பங்கு கணக்கிட மாதங்களை எண்ணுவார்கள்: மொத்தப் பணிக்காலம் 360 மாதம், அதில் மணவாழ்வோடு சேர்ந்தது 288 என்றால் 80% கூட்டுப் பங்கு, அதில் பாதி 40%. மாதம் 3,000 டாலர் ஓய்வூதியத்தில் மனைவிக்கு 1,200.

அந்த 1,200ஐ எப்படி வாங்குவது என்பதில் இரண்டு முறை. கணவருக்கு வரும் ஒவ்வொரு தவணையிலும் பங்கு வாங்குவது முதல் முறை. அவர் ஓய்வுபெறும் நாள்வரை காத்திருக்க வேண்டும். அவர் இறந்தால் பங்கும் நின்றுவிடும். இரண்டாவது, மனைவியின் பங்கைத் தனியே வெட்டி, அவருடைய வயதையும் ஆயுளையும் வைத்துத் திருத்தி, அவர் உயிரோடு இருக்கும்வரை தருவது. கணவர் இன்னும் வேலையில் இருந்தாலும் திட்டம் குறிக்கும் முதல் ஓய்வு வயதில் மனைவி தன் பங்கைத் தொடங்கலாம். மாதத் தொகை கொஞ்சம் குறையும், ஆனால் கணவரின் ஆயுளோடு கட்டுப்படாது. திட்டம் இரண்டாவதை அனுமதித்தால், கணவரைவிட இளைய, நல்ல உடல்நிலையுள்ள மனைவி அதை விட்டுக்கொடுக்க ஒரு காரணமும் இல்லை. ஓய்வூதியம் ஏற்கெனவே வரத் தொடங்கிவிட்டால் பொதுவாக முதல் முறை மட்டுமே மிச்சம்.

முதல் முறையை எடுக்க வேண்டிவந்தால் ஆணையில் இரண்டு வரி கட்டாயம். ஓய்வுக்குப் பின் கணவர் இறந்தால் வரும் துணை ஓய்வூதியம், ஓய்வுக்கு முன்பே இறந்தால் வரும் துணை ஓய்வூதியம், இரண்டிலும் முன்னாள் மனைவியைத் துணையாகக் கருத வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டு, கணவர் மறுமணம் செய்து ஓய்வுபெற்றால், அந்த உரிமை புது மனைவிக்குப் போய் உறுதியாகிவிடும். பிறகு மீட்பது மிகக் கடினம்.

மூன்றாவதாக, ஆயுளையும் வட்டியையும் வைத்து ஓய்வூதியத்தை மதிப்பிடும் வல்லுநரான ஆக்சுவரியை வைத்து இன்றைய மதிப்பைக் கணக்கிட்டு ரொக்கமாகவோ வீடாகவோ வாங்கிக்கொள்ளலாம். தொடர்பை முற்றிலும் முடித்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது நிம்மதி. ஆனால் அந்த மதிப்பு ஆக்சுவரி எடுக்கும் வட்டி விகிதத்தைப் பொறுத்துப் பெரிதாக ஆடும். விகிதம் கூடினால் மதிப்பு குறையும். இரு தரப்பும் ஆளுக்கொரு ஆக்சுவரி வைத்தால் இரண்டு எண்கள் வரும். ஒருவரையே இருவரும் சேர்ந்து அமர்த்துவது மலிவு.

அரசு ஓய்வூதியங்கள் எரிசாவுக்குள் வராது. தனியார் நிறுவனக் குவாட்ரோ படிவத்தை அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள். மத்திய அரசு ஊழியரின் ஓய்வூதியத்துக்கு ஓபிஎம் என்ற பணியாளர் அலுவலகம் கேட்கும் வடிவம் வேறு, 401(கே) போன்ற அவர்களின் டிஎஸ்பி சேமிப்புக்கு இன்னொன்று, ஒவ்வொரு மாநில அமைப்புக்கும் தனித்தனி. மத்திய அரசு ஓய்வூதியத்தில் முன்னாள் துணைக்கான குடும்ப ஓய்வூதியம், 55 வயதுக்குமுன் மறுமணம் செய்தால் நின்றுவிடும்; மணவாழ்வு 30 ஆண்டு நீடித்திருந்தால் விலக்கு.

சோஷியல் செக்யூரிட்டி: பங்கு இல்லை, ஆனால் கணக்கில் உண்டு

அமெரிக்க அரசு தரும் இந்த ஓய்வூதியத்தை எந்த நீதிமன்றமும் பிரிக்க முடியாது. கணவர் கொடுக்கவோ மறுக்கவோ அவர் கையிலும் இல்லை. மணவாழ்வு 10 ஆண்டு நீடித்திருந்து, இப்போது மறுமணத்தில் இல்லாமல், 62 வயது ஆனவர் முன்னாள் துணையின் பதிவில் கேட்கலாம். விவாகரத்தாகி 2 ஆண்டு முடிந்து, முன்னாள் துணைக்கும் 62 ஆகிவிட்டால், அவர் இன்னும் விண்ணப்பிக்காமல் இருந்தாலும் தடையில்லை. 1960 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு, குறைப்பில்லாமல் முழுத் தொகை வாங்கும் ‘முழு வயது’ 67. கணவரின் முழுத் தொகை 3,600 என்றால், தனக்கென்று பதிவு இல்லாத மனைவிக்கு 67இல் 1,800. 62லேயே எடுத்தால் 1,170தான். தன் சொந்தப் பதிவில் 1,900 வருகிறவருக்கு இதில் கூடுதலாக எதுவும் இல்லை. இரண்டில் பெரியதே கிடைக்கும். இதனால் கணவருக்கோ அவருடைய புது மனைவிக்கோ ஒரு டாலரும் குறையாது.

முன்னாள் கணவர் இறந்தால் 60 வயதிலிருந்து குறைந்த விகிதத்திலும், முழு வயதில் அவர் வாங்கிய அளவு வரையிலும் கிடைக்கும். 60க்குப் பின் மறுமணம் செய்தாலும் இந்த உரிமை போகாது. 65 வயதில் மெடிகேர் ‘ஏ’ பகுதியை முன்னாள் துணையின் பதிவிலேயே பிரீமியம் இல்லாமல் பெறவும் இதே 10 ஆண்டு கணக்குத்தான்.

மாதம் 1,800 வரப்போகிறதா இல்லையா என்பது, 401(கே)யில் எவ்வளவுக்கு விடாப்பிடியாக நிற்பது என்பதை மாற்றும். ஆகவே சமரசப் பேச்சுக்கு முன்பே சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தின் (எஸ்எஸ்ஏ) தளத்தில் இருவரின் அறிக்கையும் எடுத்து வையுங்கள். குடியுரிமை இல்லாமல் இந்தியா திரும்பப் போகிறவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: துணையின் பதிவில் வரும் தொகை இந்தியாவிலும் தொடர்ந்து வர, அந்த மண உறவில் குறைந்தது 5 ஆண்டு அமெரிக்காவில் வாழ்ந்திருக்க வேண்டும்.

சென்னைத் தீர்ப்பும் இந்தியக் கணக்குகளும்

திருமணம் ஊரில் நடந்தது, பரஸ்பர சம்மதத்தில் சென்னைக் குடும்ப நீதிமன்றத்திலேயே முடித்துக்கொள்கிறோம் என்று போகிறவர்கள் உண்டு. விவாகரத்து அங்கே கிடைக்கலாம்; 401(கே) கிடைக்காது. குவாட்ரோ என்பது அமெரிக்க மாநிலச் சட்டத்தின் கீழ் பிறந்த ஆணையாக இருக்க வேண்டும் என்பது எரிசா விதி. இந்திய நீதிமன்றத் தீர்ப்பை 401(கே) நிர்வாகம் குவாட்ரோவாக ஏற்காது. பிறகு அமெரிக்க மாநில நீதிமன்றத்தில் தனியாக மனுப் போட்டு ஆணை வாங்க வேண்டிவரும். பெரிய பணம் அமெரிக்கக் கணக்கில் இருக்கும்போது வழக்கையும் இங்கேயே முடிப்பதுதான் வசதி.

மறுபக்கமும் இதேபோலத்தான். ஊரில் பழைய வேலையின் பி.எஃப்., பிபிஎஃப், என்ஆர்இ வைப்புநிதி இருந்தால், அமெரிக்க நீதிபதி அவற்றின் மதிப்பைப் பங்கில் சேர்க்கலாம், ‘கொடு’ என்று எதிரே நிற்பவரிடம் சொல்லலாம். இந்திய நிறுவனத்துக்கு அவர் உத்தரவு செல்லாது. பி.எஃப். பணத்தை எந்தத் தீர்ப்பின் பேரிலும் ஜப்தி செய்ய முடியாத பாதுகாப்பும் இந்தியச் சட்டத்தில் இருக்கிறது. எனவே இந்தியக் கணக்குகளை யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே விட்டு, அதற்கு ஈடாக அமெரிக்க 401(கே)யில் கூடுதல் பங்கு வாங்குவதே நடைமுறையில் ஓடும் வழி. அப்போது டாலர் மாற்று விகிதத்துக்கு ஒரு தேதியை ஒப்பந்தத்தில் குறித்துவிடுங்கள்.

ஊர் திரும்பும் எச்-4 துணைக்கு ஒரு முன்னேற்பாடு தேவை. பணம் பெற வரி எண் வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர் அதற்குப் பதிலாக வரித்துறை தரும் ஐடின் எண்ணை எடுத்திருக்க வேண்டும். இந்திய முகவரிக்கு ஐஆர்ஏ திறக்கப் பல தரகு நிறுவனங்கள் தயங்கும். விமானம் ஏறும் முன்பே கணக்கைத் திறந்துவிடுவது நல்லது. வெளிநாட்டில் வசிக்கும் குடியுரிமை இல்லாதவருக்குக் கணக்கிலிருந்து பணம் வரும்போது பொதுவாக 30% பிடித்தம் ஆகும் என்பதையும் ரொக்கத் தேவையோடு சேர்த்துப் பாருங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு வந்ததும் வழக்கறிஞர் கோப்பை மூடிவிடுவார். குவாட்ரோ ‘பிறகு’ என்று கிடக்கும். அந்த இடைவெளியில் கணவர் வேலை மாறிப் பணத்தை வெளியே எடுக்கலாம், மறுமணம் செய்யலாம், இறந்தும் போகலாம். இறந்தபின்னும் குவாட்ரோ போட முடியும். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்பதற்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணை உண்டு. ஆனால் பணம் ஏற்கெனவே புது மனைவிக்குப் போயிருந்தால் துரத்துவது யார்? குவாட்ரோ வரைவைத் தீர்ப்போடு ஒரே நாளில் கையெழுத்தாக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். வரைவுக்கு யார் கட்டணம் கட்டுவது, திட்ட நிர்வாகத்தின் கட்டணம் யார் பங்கிலிருந்து என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

கணவரின் தரப்பில் மறக்கப்படுவது நாமினி. விவாகரத்து ஆனதும் பழைய நாமினி தானாக விலகிவிடுவார் என்று பல மாநிலச் சட்டங்கள் சொல்கின்றன. எரிசாவுக்கு உட்பட்ட 401(கே)யிலும் நிறுவனக் காப்பீட்டிலும் அது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் சொல்லிவிட்டது. 2009இல் இன்னொரு வழக்கில், முன்னாள் மனைவி தீர்ப்பிலேயே உரிமையை விட்டுக்கொடுத்திருந்தும், படிவத்தில் அவர் பெயர் மாறாமல் இருந்ததால் பணம் அவருக்கே என்று முடிவானது. நிர்வாகம் பார்ப்பது படிவத்தை மட்டும். ஆகவே பிரித்த மறுநாளே இருவரும் தத்தம் கணக்கில் நாமினியை மாற்ற வேண்டும். மனைவியின் புதுக் கணக்கில் நாமினி கட்டம் காலியாகவே இருக்கும் என்பதால் அவருக்கும் இந்த வேலை உண்டு.

கடைசியாக, நிர்வாகத்திடமிருந்து ‘ஆணை தகுதிபெற்றது’ என்ற கடிதத்தை எழுத்தில் வாங்கி, கணக்கில் ஏறிய தொகையைக் குறித்த தேதியின் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். லாப நட்டம் சேர்ந்திருக்கிறதா, கடன் எப்படிக் கழிந்தது, ரோத் பகுதியும் வரி கட்டாத பகுதியும் ஆணையில் சொன்ன விகிதத்தில் வந்தனவா என்று பாருங்கள். இரண்டையும் கலந்து அனுப்பியிருந்தால் ஐஆர்ஏவுக்கு மாற்றும் முன்பே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள்.